உதகமும் வோட்டரும்



சொற்களுள் ஊர் சுற்றும் சொற்களும் உள. வீட்டைவிட்டு அகலாத சொற்களும் உள. இஞ்சி, பட்டு, கர்ப்பூரம் போன்ற பண்டங்களின் பெயர்கள் வணிகரோடு மரக்கலம் ஏறிப் பல தேயங்களுக்கும் சென்றன. பண்டம் புதிதாயின் அதன் பெயரும் உடன் வருதல் இயல்பு. நீரின் நிலைமை வேறு. எந்தக் குடியும் நீரை அயலாரிடமிருந்து அறிந்துகொண்டதில்லை. ஆதலின் அதற்குரிய பெயரை அயலாரிடம் கடன் கொள்ளும் தேவையும் எளிதில் எழுவதில்லை. மொழிகளின் பழைய உறவை ஆராய்வோர் கை, கண், தாய், தீ என்பவற்றோடு நீரின் பெயரையும் முதலிலே கேட்பது இதனாற்றான்.

இவ்வகையில் இந்து-ஐரோப்பியக் குடும்பத்து மொழிகள் நீரைக் குறிக்க வழங்கும் சொற்களின் வரலாற்றை இன்று பார்ப்போம். அயன்மொழிச் சொற்களின் ஒலி தமிழெழுத்தில் முழுதும் அடங்காது. அடங்கிய அளவு கொண்டு அமைவோமாக.

கதையின் சிறந்த பகுதி ஒரு மண் ஏட்டிலே தொடங்குகின்றது. துருக்கியின் தலைநகராகிய அங்காராவுக்குக் கிழக்கே ஏறக்குறைய 150 கிலோமீற்றர் தொலைவில் போகாஸ்கோய் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அங்கே 1906 ஆம் ஆண்டில் யேர்மானிய அறிஞர் ஊகோ விங்கிளர் நிலத்தை அகழ்ந்தபோது ஆப்பு வடிவ எழுத்துப் பொறித்த களிமண் ஏடுகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. அவ்விடம் ஹிற்றைற்று அரசரின் தலைநகராகிய ஹத்துசா என்பது தெளிவாயிற்று. எழுத்துக்களை வாசிக்க முடிந்தது. பபிலோனியர் வழங்கிய எழுத்துக்களே அவை. ஆயின் அவற்றால் எழுதப்பட்ட மொழி இன்னதென எவர்க்கும் விளங்கவில்லை. ஓசை தெரியும், பொருள் தெரியாது என்னும் நிலை. எகிப்திலே கிடைத்த ஓலைகள் இரண்டில் இம்மொழியைக் கண்ட நோர்வே அறிஞர் கனூட்சன், இஃது இந்து-ஐரோப்பிய மொழியாகலாம் என 1902 ஆம் ஆண்டிலேயே கூறினார். அறிஞர் உலகம் அதனை ஏற்கவில்லை.

பின்னர் இவ்வேடுகளைக் கையிலெடுத்தவர் பொகீமியா நாட்டினரான பெடரிச் ஹுரோஸ்னி என்பவர். அவர் கற்றுத் துறைபோயது செமித்திய மொழிகளிலேயாம். முதல் உலகப் போர் மூண்ட காலத்தில் ஆஸ்திரிய-அங்கேரியப் படையிற் பணி செய்துகொண்டே இவ்வாராய்ச்சியையும் நடத்தினார். ஒருநாள் ஓர் ஏட்டில் ஒரு வாக்கியம் அவர் கண்ணைக் கவர்ந்தது. அதில் ஒரு குறி மட்டும் அவருக்கு முன்பே அறிமுகமானது: சுமேரியர் அப்பத்துக்கு இட்ட குறி. அப்பம் வரும் இடத்தில் உண்ணுதல் வரக்கூடும் அன்றோ? அப்பக் குறிக்குப் பின்வந்த சொல் ‘எஸ்ஸ’ என்று தொடங்கிற்று. யேர்மானியர் உண்ணுதலை ‘எஸ்ஸென்’ என்பர். இலத்தீனில் ‘எதோ’ என்றால் உண்கிறேன். வடமொழியில் ‘அத்’ என்பது உண்ணுதலைக் குறிக்கும் வினையடி. நாம் வழங்கும் ‘அன்னம்’ என்னும் சொல் அவ்வடியிற் பிறந்ததே. வாக்கியத்தின் முற்பாதி அப்பம் உண்பதைப் பற்றியதாயின், பிற்பாதி எதைப் பற்றியது? அங்கே நின்ற சொல் ‘வாதர்’.

ஆங்கிலம் அறிந்த சிறுவனும் அதன் பொருளை ஊகித்திருப்பான். முந்நூறு தலைமுறை கடந்தாற்போலத் தோன்றும் ஒரு மொழி, திடீரெனப் பக்கத்து வீட்டுக்காரனைப் போலப் பேசிற்று. 1915 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பேர்லின் நகரில் ஹுரோஸ்னி தம் முடிவை அறிஞர் அவையிற் கூறினார். 1917 இல் முழு நூலாக வெளியிட்டார்.

ஓர் ஒலியொப்புமையை நம்பி அவர் இம்முடிவுக்கு வந்தார் எனின், அவரைப் பாராட்டுவதற்கு யாதும் இல்லை. ஒலியொப்புமை மிக மலிவான பொருள். அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன். அறிஞர்களை இறுதியில் இணங்க வைத்தது ‘வாதர்’ என்னும் சொல் வேற்றுமை ஏற்கும் முறையாகும்.

தமிழிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ‘மரம்’ என்கிறோம். இரண்டாம் வேற்றுமையில் ‘மரமை’ என்று சொல்வதில்லை, ‘மரத்தை’ என்கிறோம். எழுவாயில் நின்ற மகரம் மறைய, அத்துச் சாரியை அவ்விடத்தே வந்து நிற்கின்றது. இதற்குக் காரணம் கேட்டால் பேசுவோர் எவரும் சொல்லார். பரம்பரையாக வந்த பழக்கம். இத்தகைய விந்தையான பழக்கம் ஒன்று ஹிற்றைற்று மொழியிலும் உண்டு. ‘நீர்’ என்பது எழுவாயாயின் ‘வாதர்’; ‘நீரினது’ என்று சொல்ல வேண்டின் ‘விதேனஸ்’. எழுவாயில் ரகரம், வேற்றுமையில் னகரம்.

இப்போது பிற மொழிகளைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘வோட்டர்’, யேர்மன் மொழியில் ‘வாஸர்’. இரண்டிலும் ரகர ஈறு. இவற்றுக்கு உடன்பிறந்த கோதிய மொழியிலோ ‘வட்டோ’, ஆறாம் வேற்றுமையில் ‘வட்டின்ஸ்’; பழைய ஸ்கந்திநேவிய மொழியில் ‘வட்ன்’; இவற்றில் னகரம். ஒரு வீட்டுப் பிள்ளைகளான இவை ஏன் இவ்வாறு பிரிந்தன என்பது 19 ஆம் நூற்றாண்டறிஞர்க்கு ஒரு சிக்கல். வடமொழியில் ‘உதன்’ என்னும் சொல்லில் னகரம் நிற்க, அதே அடியிற் பிறந்த ‘சமுத்திரம்’ என்பதில் ரகரம் தோன்றும். கிரேக்கத்தில் ‘ஹூடோர்’ என்பதில் ரகரம் உண்டு. வேற்றுமை ஏற்கும்போது அந்த ரகரம் காணாமற் போகும். இரு உருவமும் ஆதியில் ஒரே சொல்லுக்கு உரியன என்றும், பிற்கால மொழிகள் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்டன என்றும் அறிஞர் உய்த்துணர்ந்திருந்தனர். அவர்கள் உய்த்துணர்ந்த அந்தப் பழைய நிலையை, இரண்டும் ஒன்றாய் நிற்கும் நிலையை, மூவாயிரம் ஆண்டுக்கு மேலாக மண்ணுள் கிடந்த ஏடு அப்படியே காட்டிற்று. சொற்களைக் கடன் வாங்குவோர் உண்டு. இத்தகைய ஒழுங்கின்மையைக் கடன் வாங்குவோர் இலர். பிறப்புரிமையாக மட்டுமே அது வரும்.

இனி ஒலிமாற்றத்தைச் சிறிது நோக்குவோம். 1786 ஆம் ஆண்டில் கல்கத்தாவிலே சேர் வில்லியம் ஜோன்ஸ், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்திலிருந்து கிளைத்தவை என்றும், அம்மூலம் இப்போது வழக்கொழிந்திருக்கலாம் என்றும் உரைத்தார். அஃது ஓர் அரிய ஊகம். அதனை விதியாக்கியவர்கள் பின்வந்தோர். யாக்கோபு கிறிம் 1822 இல் வகுத்துக் காட்டிய விதிகளுள் ஒன்று, வடமொழி முதலியவற்றில் மெலிந்து ஒலிக்கும் தகரம் ஆங்கிலம் முதலிய யேர்மானியக் கிளையில் வலிந்த டகரமாகும் என்பது. ‘த்வி’ என்பது ‘டூ’ ஆயிற்று. ‘தச’ என்பது ‘டென்’. ‘தந்தம்’ என்பதற்கு நேர் ‘டூத்’. ‘அத்’ என்னும் வினை ‘ஈட்’ ஆயிற்று. அவ்வாறே ‘உதகம்’ என்பதில் நிற்கும் தகரமே ‘வோட்டர்’ என்பதில் டகரமாய் ஒலிக்கின்றது. உருசியர் ‘வொதா’ என்பர். அங்கே பழைய தகரம் மாறவில்லை.

இடையே ஒரு செய்தி. பிரான்ஸ் பொப் என்பார் இம்மொழிகளின் வினை விகற்பங்களை ஒப்பிட்டு முதல் நூல் வெளியிட்டது 1816 இல். அதே ஆண்டில் சென்னையிலே பிரான்சிஸ் உவைட் எல்லிஸ், தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியன வடமொழியிற் பிறந்தவை அல்ல, தமக்கெனத் தனிக் குடும்பம் உடையன என்று சான்று காட்டி எழுதினார். கால்டுவெல் ஐயரின் நூல் வந்தது அதற்கு 40 ஆண்டுகளின் பின்னர். எல்லிஸின் பெயர் நம்மிடையே இன்னும் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் எண்ணம்.

நீரின் பெயர் பெற்ற பிற பிறவிகளையும் விரைந்து சொல்லிவிடுகிறேன். நீரில் வாழும் நீர்நாயை வடமொழியில் ‘உத்ர’ என்பர், ஆங்கிலத்தில் ‘ஒட்டர்’, இரண்டும் ஒரே சொல். நம் மாணவர் ‘ஐதரசன்’ என்று கற்கும் வாயுவின் பெயர் 1787 ஆம் ஆண்டில் பிரான்சிலே ‘நீரை ஆக்குவது’ என்னும் பொருளில் கிரேக்கச் சொல்லைக் கொண்டு புனையப்பட்டது. உருசியரின் ‘வொட்கா’ என்பது ‘சிறுநீர்மை’, அதாவது நீரைச் செல்லமாய்ச் சுருக்கி அழைக்கும் பெயர். அயர்லாந்தின் ‘உயிர்நீர்’ என்னும் தொடரின் முதற்சொல்லே சிதைந்து ‘விஸ்கி’ ஆயிற்று. தவறணைக்குச் செல்வோர் தாம் நீரையே பருகினோம் என்று வாதிட இதனினும் சிறந்த சான்று கிடையாது.

ஆதி இந்து-ஐரோப்பியர்க்கு நீருக்குப் பெயர் ஒன்றன்று. ‘வாதர்’ என்பதன் மூலத்தோடு ‘ஆப்’ என்னும் மற்றொன்றும் வழங்கிற்று. பிருதிவி, அப்பு, தேயு, வாயு, ஆகாயம் என்று ஐம்பூதங்களை எண்ணுமிடத்து வரும் ‘அப்பு’ அதுவே. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் முதியோரை அழைக்கும் அப்பு வேறு! பாரசீகர் நீரை ‘ஆப்’ என்றே வழங்குகின்றனர். ஐந்து ஆறு பாயும் நாடு ‘பஞ்சாப்’ ஆனது அம்மொழியால். லித்துவேனிய மொழியில் ‘உபே’ என்பது ஆறு.

ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் எதற்கு? பிரெஞ்சு அறிஞர் அந்துவான் மெய்யே இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ‘வாதர்’ அலிப்பாற் சொல். குடத்தில் முகந்து வைத்த நீர், பயன்படும் ஒரு பொருள். ‘ஆப்’ பெண்பாற் சொல். ஓடுவதும் பெய்வதும் உயிர் தருவதுமாகிய நீர், தானே இயங்கும் ஓர் ஆற்றல். இருக்கு வேதத்தில் ‘ஆபஹ்’ எனப் பன்மையில் அழைக்கப்படுவோர் நீர்த் தெய்வங்களாகிய பெண்களே. தீயும் அவ்வாறே இரு பெயர் பெற்றது. கிரேக்கரின் ‘பூர்’, ஆங்கிலரின் ‘பயர்’ என்பன அலிப்பாற் சொல்லின் வழி வந்தவை. வடமொழி ‘அக்கினி’, இலத்தீன் ‘இக்னிஸ்’ ஆகியவை ஆண்பாற் சொல்லின் வழி வந்தவை. உயர்திணை அஃறிணை என்னும் பாகுபாட்டிற் பழகிய நமக்கு இவ்விளக்கம் எளிதில் விளங்கும்.

இந்த ‘ஆப்’ நம் தீவுக்கே பெயர் கொடுத்திருக்கின்றது. வடமொழி ‘த்வீபம்’ என்பது ‘த்வி’, ‘அப்’ என்னும் இரண்டின் சேர்க்கை. இருபுறமும் நீருடையது என்பது பொருள். அது பாகதத்தின் வழியே வந்து தமிழில் ‘தீவு’ ஆயிற்று. சிங்களத்தில் ‘திவயின’ ஆயிற்று. நெடுந்தீவு, நயினாதீவு, மாலைதீவு என்னும் பெயர்களின் ஈற்றிலெல்லாம் அந்த நீர் நிற்கின்றது. ‘சிங்களத்துவீபம்’ என்பதை அராபியர் ‘செரந்தீப்’ என்றனர்.

‘த்வி’ என்பதிலுள்ள இகரம் குறில். ‘அப்’ என்பதிலுள்ள அகரமும் குறில். சேர்ந்தபோது ‘த்வீ’ என நெடில் வந்தது எவ்வாறு? 1878 ஆம் ஆண்டின் இறுதியில் 21 வயது இளைஞராகிய பேர்டினாந்து தெ சொசூர் என்பார் ஒரு நூல் வெளியிட்டார். ஆதிமொழியில் இருந்து பின்னர் எல்லா மொழிகளிலும் அழிந்துபோன சில ஒலிகள் உண்டு. அவை அழியும்போது பக்கத்து உயிரை நீட்டிச் சென்றன என்பது அவர் துணிபு. எந்த மொழியிலும் எவரும் கேளாத ஒலி! பலர் அதனைக் கணக்குப் போட்டுக் கண்ட கற்பனை என ஒதுக்கினர். ஹிற்றைற்று ஏடுகள் வாசிக்கப்பட்டபின், சொசூர் அத்தகைய ஒலியைக் கற்பித்த இடங்கள் சிலவற்றில் ஹகரத்தை ஒத்த ஓர் எழுத்து நிற்பதைப் போலந்து அறிஞர் குரிலோவிச் 1927 இல் எடுத்துக் காட்டினார். இலத்தீனில் ‘அன்தே’ என்பது ‘முன்’. அதற்கு நேரான ஹிற்றைற்றுச் சொல் ‘ஹந்தி’ எனத் தொடங்கும். ‘ஆப்’ என்னும் சொல்லின் முன்னும் இத்தகைய ஒலி ஒன்று நின்றதாக இன்று கொள்ளப்படுகின்றது. அது மறைந்தபோது முன்னின்ற இகரம் நீண்டது. ஆகவே நாம் ‘தீவு’ என்று நெடிலாய் உச்சரிக்குந்தோறும், ஐயாயிரம் ஆண்டுக்கு முன் எங்கோ ஒலித்து அடங்கிய ஒரு மூச்சொலியின் தடத்தை மிதிக்கிறோம்.

இனி, முன்னே சொல்வதாகக் கூறிய ஒலியொப்புமைக்கு வருவோம். சிங்களத்தில் நீரை ‘வத்துர’ என்பர். ஆங்கிலத்தில் ‘வோட்டர்’. இரண்டும் இந்து-ஐரோப்பிய மொழிகள். உறவு கண்கூடு எனப் பலர் கருதுவர். அதற்கு மாறாகச் சாட்சி சொல்வது இவ்வொப்புமையேயாம். ஆங்கிலத்தின் டகரம் யேர்மானியக் கிளையில் மட்டும் பிற்காலத்தில் நேர்ந்த மாற்றம் என்று கண்டோம். இந்தியக் கிளையைச் சேர்ந்த சிங்களத்தில் அது வருதற்கு வழியில்லை. மேலும், இரு உயிர்க்கு நடுவே தனித்து நின்ற பழைய தகரம் சிங்களத்தில் தேய்ந்து மறையும். நூறு என்னும் ‘சத’ ‘சிய’ ஆனது அப்படி. இரட்டித்து நின்றதே தகரமாய் எஞ்சும். ஏழு என்னும் ‘சத்த’ ‘ஹத்த’ ஆனது அப்படி. எனவே ‘வத்துர’ என்பதன் தகரம் வேறு பிறப்புடையது. ‘வோட்டர்’ என்பதற்குச் சிங்களத்தில் உண்மை உறவினர் யார் எனின், ‘உதகம்’ ஒலிவிதிப்படி தேய்ந்து வந்த ‘திய’ என்னும் சிறு சொல். தியத்தலாவை என்னும் ஊர்ப்பெயரின் முகப்பில் அது நிற்கின்றது. முகச்சாயல் சிறிதும் இல்லை. ஆயினும் இரத்த உறவு அதுவே.

நம்மவரும் இவ்வலையில் வீழ்வதுண்டு. இக்காலக் கிரேக்கர் நீரை ‘நெரோ’ என்பர். இதைக் கேட்டவுடன் ‘நீர்’ என்னும் தமிழ்ச்சொல் கிரேக்கம் சென்றது எனக் களிப்போர் பலர். பண்டைக் கிரேக்கர் நீரை ‘ஹூடோர்’ என்றே வழங்கினர். ‘நெஅரோன் ஹூடோர்’ என்றால் புதுநீர், அதாவது அப்போது முகந்த நீர். நாளடைவில் ‘ஹூடோர்’ உதிர, ‘புது’ என்னும் அடைமொழியே சுருங்கி நீருக்குப் பெயராயிற்று. ஆகவே ‘நெரோ’ என்பதன் உறவினர் ‘நவம்’ என்னும் வடசொல்லும் ஆங்கில ‘நியூ’ என்பதுமே. இம்மாற்றம் நமக்கு வியப்பன்று. தண்மையுடைய நீர் ‘தண்ணீர்’. அடைமொழியை மறந்து எல்லா நீரையும் தண்ணீர் என்றோம். இறுதியில் ‘சுடுதண்ணீர்’ என்றும் கூசாது கூறுகிறோம்.

‘நீர்’ என்பதற்கு உறவினர் இல்லையோ எனின், நிரம்ப உண்டு. கன்னடத்து ‘நீரு’, மலையாளத்து ‘நீர்’ எல்லோரும் அறிந்தவை. பாக்கித்தானில் பலூச்சித்தான் மலைகளில் வாழும் பிராகூயி மக்கள் ‘தீர்’ என்கின்றனர். தகரத்தில் தொடங்கும் அச்சொல்லே ‘நீர்’ என்பதன் உடன்பிறப்பு. வடமொழியில் வழங்கும் ‘நீரம்’ என்பதும் திராவிடத்திலிருந்து சென்றதென்றே அறிஞர் பலர் கொள்வர். தமிழுக்கு உரிய பெருமை இவ்வளவு இருக்க, கிரேக்கரிடம் இல்லாத கடனை வசூலிக்கச் செல்வானேன்?

இச்சொற்கள் இத்துணைத் தொலைவு பரவியது எவ்வாறு? கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளியில் ஆதிமொழி பேசப்பட்டது என்று மரியா கிம்புதாஸ் 1956 இல் எழுதினார். துருக்கிப் பகுதியின் உழவரோடு பரவிற்று என்று கொலின் இரென்பிரூ 1987 இல் மறுத்தார். 2015 ஆம் ஆண்டில் பழைய எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்தோர், ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிப் புல்வெளி மக்கள் பெருந்தொகையாய் ஐரோப்பாவுட் புகுந்தமையைக் கண்டனர். முன்னைய கொள்கை அதனால் வலுப்பெற்றது. ஹிற்றைற்றுக் கிளை அதற்கு முன்னரே பிரிந்தது என்பர். அது சென்ற வழி பற்றி வழக்கு இன்னும் தீரவில்லை. சென்ற இடமெங்கும் வந்தாரும் இருந்தாரும் கலந்தனர் என்பதையும் அவ்வெலும்புகளே கூறுகின்றன. மொழிக் குடும்பத்தை உடற்குடும்பமாகக் கொள்ளுதல் பிழை என்று மாக்ஸ் முல்லர் 1888 இல் எச்சரித்தார். அதற்குச் செவிகொடாதார் 20 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் விளைத்த கொடுமை உலகறிந்தது. நம் நாட்டிலும் ‘ஆரியர்’, ‘திராவிடர்’ என்னும் மொழிநூற் பெயர்களை மக்கட் பெயராக்கி ஒருவரையொருவர் அளந்தோம். அளவுகோலே அதற்கு உரியதன்று.

புல்வெளியை ஆண்ட மக்கள் பலர் இன்று இல்லை. அவர்கள் குதிரைக்கு நீர் காட்டிய ஆறுகள் உள்ளன. வடமொழியில் ‘தானு’ என்பது வழிந்தோடும் நீர்மத்தைக் குறிக்கும். ஈரானியக் கிளையினராகிய சகரும் சர்மாத்தியரும் ஆற்றை அவ்வாறே அழைத்தனர். உருசிய நாட்டின் ‘தொன்’ ஆறு அப்பெயரே. ‘தினீப்பர்’ என்பது ‘அப்பாலுள்ள ஆறு’ என்றும், ‘தினீஸ்தர்’ என்பது ‘அண்மையிலுள்ள ஆறு’ என்றும் அறிஞர் விளக்குவர். பின்னர் வந்து குடியேறிய சிலாவியர் அவற்றின் பொருளறியாமலே வழங்கினர். பொருளறிந்து வழங்குவோர் ஒருசாரார் மட்டும் எஞ்சியுள்ளனர். கௌக்கசு மலைச்சாரலில் வாழும் ஒசேத்தியர் அந்த ஈரானியக் கிளையின் வழிவந்தோர். தாகம் எடுத்தால் அவர்கள் இன்றும் கேட்பது ‘தொன்’.